தம்பியின் இதரைக் குலை

எங்கள் வீட்டில் இரவுக்கு ஒரு ஜாம் போத்தல் விளக்குத்தான் எரியும். சண்டையால் மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விடுவோம். தம்பிக்குப் பள்ளிக்கூடச் சோதனை வருகிறபடியால் விளக்கு அவனுக்கு. எனக்கு அடுப்பு வெளிச்சம் போதும். அவன் அடுப்படி வாசலில் இருந்து விஞ்ஞானப் புத்தகத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டு, தான் படித்ததைப் பாடமாக்குவதற்காக என்னைக் கேள்வி கேட்பான். நான் ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா செத்ததோடு வீட்டு வேலை எனக்கு வந்துவிட்டது. எனக்கு என்ன தெரியும்.

"அக்கா, உப்புத் தண்ணியிலை கரையிறது என்ன மாற்றம்?"

"கரைஞ்சு போற மாற்றம்."

"விசரி. பௌதிக மாற்றம். தண்ணி வத்தினால் உப்புத் திரும்ப வரும். சரி, புட்டு அவியிறது?"

"உனக்கு வாயூறுற மாற்றம்."

"இரசாயனம். அவிஞ்ச மாவைத் திருப்பிப் பச்சை மாவாக்கேலாது. நீ கறுத்துப் போனது?"

"உன்ரை வாயிலை இப்ப அகப்பைக் காம்பாலை ஒண்டு விழும். அது என்ன மாற்றம் எண்டு சொல்லு பாப்பம்."

முற்றத்தில் எங்கள் தகப்பனார் சுருட்டோடு இருந்து சிரிப்பார்; ஐயா என்றுதான் கூப்பிடுவோம். தம்பி அவரையும் விடமாட்டான். "ஐயா, நீங்கள் சுருட்டுப் பத்துறது இரசாயன மாற்றம்." ஐயா இருமிக்கொண்டு, "இல்லை மோனை, உது இருமல் மாற்றம்" என்பார்.

அவன் சொன்ன பெயர்கள் எனக்கு மாறி மாறி வரும். அதனால் நான் எனக்கு விளங்குகிற மாதிரி வைத்துக்கொண்டேன். திரும்பி வருகிறது ஒன்று, திரும்பி வராதது மற்றது. வேலை செய்கிற இடமெல்லாம் அதைப் பார்க்கத் தொடங்கினேன். பால் உறைந்தால் திரும்பாது. தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிருக்குப் போத்தலுக்குள் கட்டியாகும், வெயிலில் வைத்தால் திரும்பும். சவுக்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த நாட்களில், தம்பியின் வெள்ளைச் சட்டை மெல்ல மெல்லப் பழுப்பாகியது. அதுவும் திரும்பவில்லை. ஒருநாள் கொடியில் காய்ந்த அந்தச் சட்டையின் கையை, பனம்பழ வாசத்துக்கு எங்கள் பசுமாடு சப்பித் தின்றுவிட்டது. அடுத்தநாள் ஒரு கை நீளமாயும் ஒரு கை கட்டையாயும் அந்தச் சட்டையோடேதான் அவன் பள்ளிக்கூடம் போனான். வந்து, "மாடு சப்பினது பௌதிக மாற்றம், சமிச்சது இரசாயன மாற்றம், வாத்தியாருக்கே சொல்லிப்போட்டன்" என்றான்.

அந்த வருடத்துக்கு முதல் வருடம் தம்பி உரும்பிராயில் கூடப் படிக்கிற பெடியன் ஒருவனின் வீட்டிலிருந்து ஒரு இதரை வாழைக்குட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தான். கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலோரம் தானே குழி வெட்டி நட்டான். ஐயா தோட்டக்காரர். வாழை, வெங்காயம், புகையிலை எல்லாம் அவர் கை பட்டு வளர்ந்தவை. ஆனால் அந்த ஒரு வாழையில் அவர் கை வைக்கத் தம்பி விடவில்லை. அது குலை தள்ளிய அன்றைக்குப் பூவைப் பார்த்துக்கொண்டு நின்று சொன்னான்:

"முதல் பழம் எனக்கு. பிறகுதான் பிள்ளையாருக்கு."

"டேய், உப்பிடிச் சொல்லக் கூடாது," என்றேன்.

"பிள்ளையார் கோவியார். அவருக்கு மற்ற எல்லா வீட்டிலையும் குலை வரும். எனக்கு இது ஒண்டுதானே."

ஐயா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை.

காய்கள் விரலளவாய் இருக்கும்போது தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. மாரி தொடங்கியிருந்தது. முதல் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். பிறகு உடம்பு அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. ஐயா ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பிடித்து, அதன் பெட்டியில் வைக்கோல் பரப்பி அவனைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஆஸ்பத்திரியில் அவர்களிடம் இருந்த மருந்தைக் கொடுத்தார்கள். ஈரத் துணி வைத்து வைத்து நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடி இருந்தேன். ஒரு விடியற்காலையில் சூடு குறையத் தொடங்கியது. நெற்றி குளிர்ந்தது, பிறகு கன்னம். நான் வெளியில் ஓடிப்போய், "ஐயா, காய்ச்சல் விட்டிட்டுது" என்று சொன்னேன். ஐயா ஓடி வந்தார். அவர் தம்பியின் காலைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அது காய்ச்சல் விட்டதல்ல என்று அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

எங்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வாசல் படலை வரைக்கும்தான் போகலாம். பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மழை தூறியது. ஒழுங்கை திரும்புகிற இடம் வரைக்கும் பறைச் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. பக்கத்து வளவு மாமி என்னைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தலையில் தண்ணீர் வார்த்தா. ஆண்கள் திரும்பி வந்தபோது பொழுதுபட்டிருந்தது. வழக்கமாய் அவ்வளவு நேரம் ஆகாது. ஐயா குளித்துவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தார். சாம்பலையும் நான் காணவில்லை. கீரிமலைக்குப் போக முடியாத காலமானபடியால் சுடலையிலிருந்து நேரே வேறொரு கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கரைத்துவிட்டார்கள். அவன் படலையால் போனது மட்டும்தான் நான் கண்டது. அதற்குப் பிறகு அவனுக்கு என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு அதைக் கேட்க வேண்டும் போல் இருந்தது. வேறு ஆறுதல் ஒன்றும் நான் தேடவில்லை. ஐயா என்னோடு இருந்து தம்பியைப் பற்றிக் கதைக்க வேண்டும், அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஐயா வாயைத் திறக்கவில்லை. சோறு போட்டால் தின்றார். மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். சுருட்டு மட்டும் பிடிப்பதில்லை. புகையிலையைக் கிள்ளி வாயில் அடக்கிக்கொண்டு இருந்தார். நான் அடுப்பு மூட்டுகிற நேரம் பார்த்து எழும்பித் தோட்டத்துக்குப் போய்விடுவார். என்மேல் கோபம் என்று நினைத்தேன். காய்ச்சல் விட்டிட்டுது என்று நான் ஓடிப்போய்ச் சொன்னதுக்குக் கோபம் என்று நினைத்தேன்.

வீடு முழுக்கச் சத்தம் இல்லாமல் இருந்தது. சோறு வடிக்கும்போது கஞ்சி கட்டியாவதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். இது என்ன மாற்றம் என்று கேட்க ஆளில்லை. நானே எனக்குள் கேட்டு, பிழையாய்ச் சொல்லி, திருத்த யாருமில்லாமல் விட்டுவிடுவேன்.

அந்தியேட்டி நெருங்கிய போதுதான் ஐயா முதன்முதல் கதைத்தார். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கிற சடங்கு அது. செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் அன்றைக்கு வீட்டில் படைப்போம்.

"பிள்ளை, அவன்ரை குலையை வெட்டப்போறன்."

நான் அரிசி கொழித்துக்கொண்டு இருந்தேன். கை நின்றுவிட்டது.

"ஐயா, அது இன்னும் முத்தேல்லை."

"படையலுக்கு வேணும்."

"காயிலை மூலை அப்பிடியே நிக்குது ஐயா. நீங்கள்தானே சொல்லுறனீங்கள், மூலை மழுங்கி உருண்டு வந்தால்தான் வெட்டலாம் எண்டு. இன்னும் ஒரு மாதம் விட்டால்..."

"ஒரு மாதம் விட்டு ஆருக்கு?"

படையலுக்கு வேறு குலை பார்ப்போம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். ஊரில் யாராவது முற்றாத குலையை வெட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனால் வேலியால் எட்டிப் பார்த்து ஏசுகிற மனுசன் அவர். எத்தனையோ குலை வெட்டியவர். அந்தக் குலை முற்றவில்லை என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஒரே வெட்டில் வெட்டித் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். பால் ஒழுகி அவருடைய தோளிலும் சால்வையிலும் கறை பட்டது.

எங்கள் வீட்டில் குலை பழுக்கப் போடுவதென்றால் நிலத்தில் குழி வெட்டி, வாழைச்சருகு பரப்பி, சீப்புகளை அடுக்கி மூடி, புகை ஊதுவோம். அடியில் ஓட்டை போட்ட ஒரு மண்முட்டிக்குள் தேங்காய்ப் பொச்சுமட்டைத் தணல் போட்டு, அதன் வாயைக் குழியின் துவாரத்தில் பொருத்தி, அடி ஓட்டையால் ஊதினால் புகை உள்ளே போகும். சூட்டிலும் புகையிலும் காய் பழுக்கும். அது எப்போதும் ஐயாவின் வேலை. அவருக்கு மூச்சுப் பெலன். தம்பியும் நானும் பக்கத்தில் இருந்து கண் எரிய எரியப் பார்ப்போம்.

இந்த முறை குழி வெட்டினால் தண்ணீர் ஊறியது. அதனால் ஐயா பழைய இரும்புப் பீப்பா ஒன்றை அடுப்படிக் கூரைக்குக் கீழே உருட்டி வந்தார். சீப்புகளை அடுக்கியதும் அவர்தான். சாக்குப் போட்டு மண் குழைத்து மூடியதும் அவர்தான். முட்டியையும் பொச்சுமட்டையையும் எடுத்து வைத்துவிட்டு எழும்பினார்.

"நீ ஊது."

"நானோ? எனக்கு வடிவாய்த் தெரியாது ஐயா. நீங்கள் ஒருக்கால் ஊதிக் காட்டுங்கோவன்."

"நீ ஊது எண்டுறன்."

குரல் உயரவில்லை. ஆனால் அவர் திரும்பிப் பாராமல் மழைக்குள் இறங்கிப் போனார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தது. குலையையும் வெட்டிவிட்டு, வேலையையும் என் தலையில் போட்டுவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். பொச்சுமட்டை ஈரம். ஊத ஊத என் கண்ணுக்குள்தான் புகை வந்தது.

பக்கத்து வளவு மாமி வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினா.

"என்னடி பிள்ளை, வீட்டுக்கு நெருப்பு வைக்கிறியோ?"

"ஐயாவுக்குக் குலை பழுக்க வேணுமாம் மாமி."

மாமி உள்ளே வந்து, சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து வாயில் கை வைத்தா. "உது கறிக்காய் எல்லே! கொப்பர் கண்ணைப் பொத்திக்கொண்டு வெட்டினவரோ?"

"அவருக்குச் சொன்னனான் மாமி. கேக்கேல்லை."

"உதைப் பழுக்க வைக்கேலாது. வெம்பும். மேல்தோல் மஞ்சளாகும், உள்ளுக்குக் கட்டையாய்க் கிடக்கும்."

"பழுக்காட்டில் ஐயா என்ன செய்வாரோ தெரியாது மாமி. இந்தக் குலையைப் பற்றித்தான் இவ்வளவு நாளைக்கும் வாய் திறந்தவர்."

மாமி சாக்கின் ஓரத்தை விட்டுவிட்டு எழும்பினா. பிறகு தன் வீட்டுக்குப் போய், நன்றாய்ப் பழுத்த கதலிப்பழம் நாலைந்தைச் சீலைத் தலைப்பில் கொண்டுவந்தா. "பழுத்ததைக் காய்க்குள்ளை வைச்சால் காயும் சாடையாய்ப் பழுக்கும். வைச்சுப் பாப்பம். அடிக்கடி திறந்து பாராதை. சூடு போயிடும்." அவவே கைவிட்டு உள்ளே வைத்து, மண்ணைத் திரும்பப் பூசினா. போகும்போது, "தள்ளியிருந்து ஊது, மயிர் பொசுங்கப் போகுது" என்றா.

காலையும் பின்னேரமும் ஊதினேன். நெஞ்சு நோகும். முட்டியின் ஓட்டைக்குள்ளால் தணல் சிவப்பதும் கறுப்பதும் தெரியும். அந்த நேரமெல்லாம் ஐயா கண்ணில் படமாட்டார். புகை அடங்கின பிறகு வந்து பீப்பாவின் இரும்பில் கையை வைத்துப் பார்ப்பார். சூடு காணாது என்றால், "இன்னும் கொஞ்சம்" என்பார். அவ்வளவுதான். நான் ஊதிக்கொண்டே தம்பியிடம் கேட்டேன், காய் பழமாகிறது எந்த மாற்றம் என்று. திரும்பாதது என்று எனக்கே தெரியும். பழம் ஒருநாளும் காயாகாது. ஆனால் பாதியில் நின்றுவிட்டால் அதற்கு என்ன பெயர் என்று அவனுடைய புத்தகத்தில் இருந்ததோ தெரியவில்லை. அதை நாங்கள் கதைக்கவே இல்லை.

அந்தியேட்டிக்கு முதல் நாள் திறந்தோம். ஐயாதான் மண்ணைத் தட்டி, சாக்கை எடுத்தார். புகை வாசத்தோடு வெப்பம் முகத்தில் அடித்தது. உள்ளே மஞ்சள் நிறத்தைக் கண்டதும் எனக்கு நெஞ்சு துள்ளியது. "ஐயா, பழுத்திட்டுது!" என்று கத்தினேன். சொன்ன பிறகுதான் இதே மாதிரி முன்னும் ஒருதரம் ஓடிப்போய்ச் சொன்னது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஐயா ஒரு சீப்பைத் தூக்கினார். ஒரு காயைப் பெருவிரலால் அமத்தினார். விரல் பதியவில்லை. இன்னொன்றை அமத்தினார். பிறகு சீப்பை மெதுவாய்ச் சருகின் மேல் வைத்தார். மாமி வைத்த கதலிப்பழங்கள் மட்டும் கறுத்து அழுகிப்போய்க் கிடந்தன.

"கறிக்கெண்டாலும் ஆகுமோ ஐயா?" என்று கேட்டேன்.

"இனிக் கறிக்கும் ஆகாது."

அடுத்தநாள் ஆண்கள் கடலுக்குப் போய் வந்தார்கள். ஐயர் வந்தார். படையலில் புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், தம்பிக்குப் பிடித்த எள்ளுப்பாகு எல்லாம் வைத்தேன். மாமி நல்ல கதலிச் சீப்பு ஒன்று கொண்டுவந்து தந்தா. ஐயா அதையும் வைத்து, அதற்குப் பக்கத்தில் தம்பியின் இதரைச் சீப்பு ஒன்றையும் வைத்தார். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரி மஞ்சள்தான். சாப்பாட்டுப் பந்தியில் தூரத்துச் சித்தப்பா ஒருவர் தெரியாமல் இதரையை எடுத்து உரித்தார். ஒரு கடி கடித்தார். முகத்தை மாற்றாமல் மென்று விழுங்கிவிட்டு, மிச்சத்தை எச்சில் இலைக்குக் கீழே தள்ளி இலையை மடித்ததை நான் கண்டேன். "பழம் நல்லாய்க் கிடக்கு" என்று பக்கத்தில் இருந்தவருக்கும் சொன்னார். தம்பி இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். சொல்லிச் சிரிக்க ஆளில்லை.

பின்னேரம் எல்லாரும் போய்விட்டார்கள். நான் சட்டிபானை கழுவி முடித்துவிட்டு வரும்போது ஐயா அடுப்படி வாசலில், தம்பி இருந்து படிக்கிற இடத்தில், குந்தியிருந்தார். முன்னால் அந்தச் சீப்பு. ஒன்றை உரித்துக் கடித்துக்கொண்டு இருந்தார். தோல் உரிபடாமல் சதையோடு பிய்ந்தது.

"ஐயா, உதைத் தின்னாதேங்கோ. வயித்துக்குள்ளை கல்லாய்க் கிடக்கும்."

அவர் மென்றுகொண்டே இருந்தார். நான் பக்கத்தில் இருந்து ஒன்றை எடுத்தேன். பச்சை மாவை வாயில் போட்ட மாதிரி இருந்தது. நாக்கு, உள்கன்னம் எல்லாம் கயர்ந்து இழுத்தது. துப்ப மனமில்லை.

"முத்தேல்லை எண்டு எனக்குத் தெரியும்," என்றார் ஐயா. "தெரிஞ்சுதான் வெட்டினனான்."

"தெரியும் ஐயா."

"நீ ஊதினது பிழையில்லை. ஆர் ஊதினாலும் உவ்வளவுதான்."

"நீங்கள் ஊதியிருந்தால் வேளைக்கு..."

"என்னாலை ஊதேலாது பிள்ளை."

அவர் கையிலிருந்ததை நிலத்தில் வைத்தார்.

"அண்டைக்கு மழை. விறகு எல்லாம் பச்சை. எண்ணெய் ஒரு சொட்டு ஒருத்தரிட்டையும் இல்லை. கொள்ளி வைச்சன். கொள்ளி வைச்சவன் திரும்பிப் பாராமல் வந்திட வேணும் எல்லே. வந்தன். அஞ்சாறு அடி வந்திருப்பன். பின்னாலை கதைக்கினம், நெருப்புப் பத்தேல்லை, பத்தேல்லை எண்டு. புகைதான் வருது. ஒருத்தருக்கும் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. நான் திரும்பிப் போனன்."

"போய்?"

"அவன்ரை காலடியிலை குந்தியிருந்து ஊதினன்."

கிணற்றடியில் பசுமாடு கழுத்தை ஆட்டியது. மணிச் சத்தம் கேட்டது.

"எல்லாரும், வேண்டாம் அண்ணை, விடுங்கோ, நாங்கள் பாக்கிறம் எண்டவை. ஆருக்கு அந்த மூச்சு இருக்கு? நான்தான் ஊதினன். கனநேரம்."

அவர் ஏன் சுருட்டைப் பற்ற வைக்கவில்லை, ஏன் நான் அடுப்பு மூட்டும்போது எழும்பிப் போனார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது வேறு.

"பத்திச்சுதோ ஐயா?"

"ஓம்."

"வடிவாய்ப் பத்திச்சுதோ?"

"கடைசியிலை வடிவாய்ப் பத்திச்சுது. மழையும் விட்டிட்டுது."

"அவன்ரை முகம்?"

"வெள்ளைத் துணியாலை மூடியிருந்தது. நான் பாக்கேல்லை. காலைத்தான் பாத்தன். பெருவிரல் நகம் உடைஞ்சிருந்தது. சைக்கிளாலை விழுந்து உடைச்சது."

அது எனக்குத் தெரியும். மஞ்சள் வைத்துக் கட்டியவள் நான்தான். ஆனால் அதை இன்னொரு ஆளும் தெரிந்து வைத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குக் கேட்க இன்னும் நிறைய இருந்தது. வாய் முழுக்கக் கயர் ஏறி நாக்குத் தடித்துப் போயிருந்தது. வார்த்தை சரியாய் உருளவில்லை. ஐயாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் சீப்பிலிருந்து இன்னொன்றைப் பிய்த்து, உரிக்க வராமல் நகத்தால் கீறி உரித்து, பாதியாய் முறித்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.